பாத்திரத்தில் மிச்சம்

எனக்கு எதுவுமே குமட்டாதுன்னு எங்க லாண்டரியில ஒரு பேர் உண்டு. ஆஸ்பத்திரித் துணி மூட்டையைப் பிரிக்கிற மேசையில நிக்கிறவ நான். மூட்டை வாயை அவிழ்த்ததும் மத்தவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க. நான் மாட்டேன். மலம், மூத்திரம், சீழ், வாந்தி, பிரசவத் துணி, எது வந்தாலும் கிளவுஸ் மாட்டின கையால பிரிப்பேன். ரத்தக்கறை உள்ளது பச்சைத்தண்ணித் தொட்டிக்கு, மத்தது கொதிதண்ணி மிஷினுக்கு. ரத்தத்துல கொதிதண்ணி பட்டுச்சுன்னா கறை செத்தாலும் போகாது. எல்லாத்தையும் முடிச்சிட்டு, அந்த மேசைக்குப் பக்கத்துலயே நின்னு டீயும் குடிப்பேன். ஊரான் அழுக்குக்கு முகம் கிடையாது, அதான் காரணம். எங்க சூப்பர்வைசர் என்னை ‘இரும்பு வயிறு’ன்னுதான் கூப்பிடுவாரு.

அந்த இரும்பு வயிறு, எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தா புரட்டிக்கிட்டு வருது. இதை யாருகிட்டப் போய்ச் சொல்ல.

இவரு டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறவரு. ஸ்கூல் வண்டிக்குள்ள சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால புகையிலையைக் கன்னத்துல அடக்கிக்குவாரு. வேணாங்க, விட்டுடுங்கன்னு நான் கத்தும்போதெல்லாம், “புகை வருதா பாரு”ன்னு வாயைத் திறந்து காட்டிச் சிரிப்பாரு. இப்ப அதே வாயைத்தான் தினமும் காலையில எனக்குத் திறந்து காட்டுறாரு. நாக்குல ஒரு பக்கமும் கன்னத்து உள்பக்கமும் அரிச்சு, புண்ணு வெளியே தெரியுற அளவுக்கு வந்துடுச்சு. எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கும். தோள்ல ஒரு துண்டு, மடியில ஒரு துண்டு. நாத்தம் அவருக்கு முன்னாடி வாசலுக்கு வந்துடும்.

உப்புத்தண்ணியில பஞ்சை நனைச்சு நான்தான் துடைக்கணும். கிளவுஸ் போட்டுக்குவேன். மூச்சை அடக்கிக்குவேன். அப்படியும் ஒரு இடத்துல வயிறு மேல எகிறும். உடனே முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓங்கரிப்பேன். இவரு பாத்துக்கிட்டே இருப்பாரு. அப்புறம், புதுசா ஸ்டியரிங் பிடிச்சு நடுங்குறவங்ககிட்டச் சொல்ற அதே குரல்ல, குழறிக் குழறிச் சொல்லுவாரு: “பதறாத. கிளட்ச்சை மெதுவா விடு.” சொல்லும்போது இடது கால் தன்னால தரையை அமுக்கி மெதுவா மேல வரும். சாப்பிட உக்காந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது, வேலைப் பழக்கம். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும், குமட்டலும் நிக்காது.

இது புத்துநோய், ஒட்டுற வியாதி இல்லைன்னு டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. தெரியும். தெரிஞ்சிட்டா குமட்டாதா? அவரு டம்ளருக்கு அடியில நகப்பூச்சால ஒரு பொட்டு வச்சுத் தனியா எடுத்து வச்சேன். யாரும் வைக்கச் சொல்லலை. நானேதான். அவரு அதைப் பாத்தாரு, அதுலயே தண்ணி குடிச்சாரு. அந்தப் பொட்டைக் கழுவும்போதெல்லாம் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கும்.

நாக்கை முழுசா எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னு டாக்டர் சொன்னப்ப இவரு முடியாதுன்னுட்டாரு. “நாக்கில்லாம நான் யாருக்கு என்னத்தைச் சொல்லிக்குடுக்க? விடு. இருக்கிற வரைக்கும் இருக்கேன்.” நான் திட்டினேன், கெஞ்சினேன், சாப்பிடாம கிடந்தேன். மசியலை. அப்புறம் ஒரு நாள், கேக்காமலே அவரே சொன்னாரு.

“வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல திருவிருந்து. எல்லாரோடவும் முழங்கால் போட்டு ஒரு தடவை திராட்சரசம் குடிச்சுக்கிறேன். அப்புறம் வெட்டட்டும். அதுக்கப்புறம் எனக்கு எல்லாமே குழாய்லதான் இறங்கும், ருசி தெரியாது.”

“குடிச்சா ஆபரேஷனுக்கு வருவீங்களா?”

“வருவேன். அங்கேயும் என்னை ஒதுக்கினாங்கன்னா வரமாட்டேன். ஆண்டவர் வீட்லயே எனக்கு இடமில்லைன்னா, எதுக்கு நாக்கைக் குடுத்து உசுரை வாங்கணும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு உசுரு இப்ப டாக்டர் கையில இல்லை, எங்க சபை கையில இருக்கு. எங்க சபையை எனக்கு நல்லாத் தெரியும். இவரு போய் உக்காந்தா அந்த பெஞ்சுல இருக்கிறவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தண்ணி குடிக்க எழுந்து போவாங்க, திரும்பி வேற பெஞ்சுல வந்து உக்காருவாங்க. அதனாலதான் இவரு கோயிலுக்குப் போறதையே விட்டாரு.

எங்க கோயில்ல ஒரே பாத்திரம்தான். பீடத்துக்கு முன்னாடி கம்பித் தடுப்பு ஓரமா வரிசையா முழங்கால் போடணும். போதகர் அப்பம் குடுத்துக்கிட்டே வருவாரு, பின்னாலயே சபைச் செயலாளர் வெள்ளிப் பாத்திரத்துல திராட்சரசம் கொண்டு வருவாரு. ஒவ்வொருத்தர் வாய் வச்சதும் வெள்ளைத் துணியால விளிம்பைத் துடைச்சிட்டு அடுத்தவங்களுக்கு. கடைசியில மிச்சம் இருக்கிற ரசத்தைக் கீழ ஊத்தக் கூடாது, அது பரிசுத்தமாக்கின ரசம். பாத்திரம் எடுத்தவங்களே குடிச்சு முடிச்சு, தண்ணி ஊத்தி அலசி, அதையும் குடிக்கணும். போதகருக்குச் சர்க்கரை, அதனால அவரு உதட்டை நனைச்சுக்கிறதோட சரி. மிச்சத்தைக் காலி பண்றது எப்பவும் செயலாளர்தான். அதுல அவருக்குக் குறையே கிடையாது. அண்ணாந்து குடிச்சிட்டு உதட்டைச் சப்புக்கொட்டுவாரு, பின் பெஞ்சு வரைக்கும் கேக்கும்.

அந்த மனுஷனுக்கு நாங்க வச்ச பேரு கைக்குட்டை. உக்காரும் முன்னாடி நாற்காலியைத் துடைப்பாரு, கை குலுக்கிட்டுக் கையைத் துடைப்பாரு. எங்க வீட்டுக்காரர் திருவிருந்துக்கு வரப்போறாருன்னு நான் போதகர் வீட்டுல சொன்ன செய்தி அவரு காதுக்குப் போயிருக்கு. மறுநாளே எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. நாற்காலியைத் துடைச்சிட்டு உக்காந்தாரு. மெல்ல முடியாத மனுஷனுக்கு ஒரு பாக்கெட் முறுகல் பிஸ்கட். அதோட பையிலிருந்து எடுத்து மேசையில வச்சது, ஒரு கட்டு காகிதக் கப்பு.

“சகோதரி, தப்பா எடுத்துக்கக் கூடாது. சபையில வயசானவங்க இருக்காங்க, குழந்தைங்களைப் பெத்தவங்க இருக்காங்க. தம்பிக்கு நாங்களே வீட்டுக்கு வந்து குடுத்துடறோம். புதுக் கப்பு. குடிச்சதும் தூக்கிப் போட்டுடலாம்.”

“இது ஒட்டுற வியாதி இல்லைங்க ஐயா.”

“எனக்குத் தெரியாதா சகோதரி? எனக்கு ஒண்ணும் இல்லை. மத்தவங்க மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?”

இந்த ‘மத்தவங்க மனசு’ங்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். தன் அருவருப்பை ஊரார் தலையில கட்டுற பேச்சு அது. சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன், வாய் நிக்கலை.

“ஐயா, அந்த விளிம்பு துடைக்கிற துணியை மாசாமாசம் துவைக்கிறவ நான். யார் உதட்டுச் சாயம் எது, யார் மூக்குப்பொடி எதுன்னு பாக்காமலே சொல்லுவேன். நீங்க மீசைக்குப் பூசுற கறுப்பு இன்னும் அந்தத் துணியை விட்டுப் போகலை. நாங்கெல்லாம் அதைத்தானே குடிச்சுக்கிட்டு இருக்கோம்?”

கைக்குட்டையோட கை தன்னால மீசைக்குப் போச்சு. இவரு சிரிச்சிட்டாரு. சிரிச்சா ஒழுகும். துண்டால வாயை ஒத்தி எடுத்தாரு, துண்டுல ரத்தமும் சீழும். கைக்குட்டை அந்தத் துண்டைப் பாத்தாரு, எழுந்துட்டாரு. அவ்வளவு பேசின நானும் அந்தத் துண்டைப் பாக்காம சுவரைத்தான் பாத்தேன்.

வாசல்கிட்டப் போய் நின்னு ஒரு சமாதானம் சொன்னாரு. “சரி, போதகரும் வரட்டும்னுதான் சொல்றாரு. ஒண்ணு பண்ணலாம். கடைசியா வரட்டும். எல்லாரும் குடிச்சு முடிச்சதும், கடைசி வரிசையில கடைசி ஆளா. யாருக்கும் சங்கடம் இல்லை பாருங்க.”

நான் வாயைத் திறக்கும் முன்னாடி இவரு தலையாட்டிட்டாரு. “கடைசின்னாலும் அதே கம்பிதானே. அதே பாத்திரம்தானே. போதும்.”

கைக்குட்டை போனதும் நாற்காலியைத் தூக்கி மூலையில வீசினேன். அவ்வளவு ஆத்திரம். எச்சில் இலைக்குக் காத்திருக்கிறவனைப் போல கடைசியில நில்லுன்னு சொல்லிட்டுப் போறான், இவரும் சரிங்குறாரு. ஆனா ஆத்திரத்துக்கு அடியில இன்னொண்ணு இருந்துச்சு. அவரு கடைசின்னா நான் அவருக்கு முன்னாடி. அவரு வாய் வச்சதுல நான் வாய் வைக்க வேண்டியதில்லை. அப்பாடான்னு இருந்துச்சு. கட்டின பொண்டாட்டிக்கு அப்பாடான்னு இருந்துச்சுன்னா, ஊரானை என்ன சொல்ல?

லாண்டரியில மிஷின் சுத்துற சத்தத்துல யாருக்கும் எதுவும் கேக்காது. அங்க நின்னுதான் நான் ஜெபம் பண்ணுவேன், வாய்விட்டே. இந்தக் குமட்டலை எடுத்துடுங்க ஆண்டவரேன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. ஊரார் பீத்துணியைப் பிரிக்க வயித்தைக் குடுத்தீங்க, புருஷன் வாயைத் துடைக்கக் குடுக்கலை. என்னை எதுக்குத்தான் வச்சிருக்கீங்கன்னு சண்டை போடுவேன். மிஷின் நின்னா நானும் வாயை மூடிக்குவேன். பதில்னு ஒண்ணு வந்ததே இல்லை.

சனிக்கிழமை வீட்டுல உக்காந்து அந்த வெள்ளைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சது. இவரு கடைசியா குடிச்சா, அப்புறம் யாரு குடிக்கணும்? மிச்சத்தை யாரு காலி பண்ணுவா? தன் புத்திசாலித்தனத்துல தானே போய் மாட்டிக்கிட்டாரே இந்தக் கைக்குட்டை. இவரை நடுவுல நிறுத்தியிருந்தாக்கூட எச்சில் எல்லாருக்கும் பங்காப் போயிருக்கும். இப்ப மொத்தமும் அவருக்கே. சத்தமாச் சிரிச்சிட்டேன்.

“என்ன?”ன்னாரு இவரு, உள்ள இருந்து.

“ஒண்ணுமில்லைங்க. சூடு பட்டுடுச்சு.”

அன்னிக்கு ஒரு கெட்ட ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, நாளைக்குப் பாத்திரத்துல மிச்சம் நிறைய இருக்கணும். கைக்குட்டை சப்புக்கொட்டிக் குடிக்கிறதை நான் கண்ணாரப் பாக்கணும்.

கேட்டதுல அது ஒண்ணைத்தான் உடனே குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை காலையில மழை பிச்சுக்கிட்டு ஊத்துச்சு. பாதிப் பேர் வரலை. கைக்குட்டை வழக்கம்போல சீக்கிரமே வந்து, எப்பவும் ஊத்துற அளவுக்கு ரசத்தை ஊத்தி வச்சிட்டாரு.

நாங்க கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தோம். இவரு சலவைச் சட்டை போட்டு, தோள்ல புதுத் துண்டு போட்டிருந்தாரு. மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால நாத்தம் எங்கேயும் போகாம நின்னுச்சு. முன்னாடி ஒரு அம்மா சேலைத் தலைப்பை எடுத்து மூக்குல வச்சுக்கிட்டு, ஜெபம் பண்ற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. வரிசை வரிசையாப் போய்க் குடிச்சிட்டு வந்தாங்க. கடைசி வரிசைக்கு நாங்க எழுந்தோம். இவரு கடைசி, அவருக்கு முன்னாடி நான். பாத்திரம் எனக்கு வந்துச்சு, குடிச்சேன். பாதிக்கு மேல இருந்துச்சு. எனக்குள்ள ஒரு குஷி.

அடுத்து இவரு. உதடு சரியா மூடாது, அதனால பாத்திரத்தை இரண்டு கையாலயும் பிடிச்சு, விளிம்பை உள்ள விட்டுக் குடிச்சாரு. ரசம் புண்ணுல பட்டு எரிஞ்சிருக்கும், கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஆனாலும் விழுங்கினாரு. கண்ணை மூடிக்கிட்டு, வாயிலயே கொஞ்ச நேரம் வச்சிருந்து விழுங்கினாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த முகத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் பாத்ததில்லை. பாத்திரத்தை எடுத்தப்ப அவரு உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவுல ஒரு எச்சில் நூல் நீண்டு அறுந்து, ரசத்துக்குள்ள விழுந்துச்சு.

கைக்குட்டை அதைப் பாத்தாரு. விளிம்பைத் துடைக்கப் போன கை அப்படியே நின்னுச்சு. பாத்திரத்துக்குள்ள பாத்தாரு. எவ்வளவு மிச்சம் இருக்கு, யாரு குடிக்கணும்னு அப்பத்தான் அவருக்கு உறைச்சிருக்கு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் காத்துக்கிட்டு இருந்த காட்சி. ஆசையா நிமிர்ந்து பாத்தேன்.

பாத்தா, அது என் மூஞ்சி. தினமும் காலையில பஞ்சைக் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கிற மூஞ்சி. உதட்டைக் கடிச்சு, மூக்கைச் சுருக்கி, கண்ணை எங்கேயோ வச்சுக்கிட்டு. இதைத்தான் இவரு தினமும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பாத்துக்கிட்டே எனக்குக் கிளட்ச் சொல்லிக்குடுத்திருக்காரு. என் குஷியெல்லாம் எங்கே போச்சுன்னு தெரியலை.

இவரும் கண்ணைத் திறந்துட்டாரு. கைக்குட்டையைப் பாத்தாரு, பாத்திரத்தைப் பாத்தாரு. அந்த நிம்மதி அப்படியே வடிஞ்சு போச்சு. கம்பியைப் பிடிச்சு எழுந்திரிக்கப் பாத்தாரு. எழுந்து போனாருன்னா இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்க மாட்டாரு. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். போதகர் ஒரு எட்டு எடுத்து வச்சாரு, ஆனா சர்க்கரையை விடத் தயக்கம்தான் அந்த எட்டுல தெரிஞ்சுச்சு.

நான் எழுந்தேன். “குடுங்க ஐயா. நான் முடிக்கிறேன்.”

பொம்பளைங்க பாத்திரத்தைத் தொட்டு எங்க கோயில்ல யாரும் பாத்ததில்லை. கைக்குட்டை அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை, கையில திணிச்சாரு.

குடிச்சேன். அதைப் புனிதம், தேன், அமிர்தம்னெல்லாம் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். அந்த நாத்தம்தான் முதல்ல மூக்குல ஏறுச்சு. அப்புறம் புளிப்பு, அப்புறம் கொழகொழன்னு நாக்குல ஏதோ பட்டுச்சு. பாதி குடிக்கும்போதே வயிறு எகிறிடுச்சு. வாயைக் கையால பொத்திக்கிட்டேன். பீடத்துக்கு முன்னாடி, ஆண்டவர் ரத்தம்னு குடுத்ததை வாந்தி எடுக்கப் போறேன். கண்ணு இருட்டுது. எடுத்துட்டா இவரு முகம் என்ன ஆகும்? அதுதான் மனசுல ஓடுச்சு.

அப்ப கீழ இருந்து, முழங்கால் போட்ட இடத்துல இருந்து, அந்தக் குழறின குரல். எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

“பதறாத. கிளட்ச்சை மெதுவா விடு.”

மூக்கு வழியா மூச்சு விட்டேன். மெதுவா விழுங்கினேன். மிச்சத்தையும் ஒரே மூச்சுல குடிச்சேன். பாத்திரம் காலி.

கைக்குட்டை தண்ணிக் கூஜாவை எடுத்தாரு. பாத்திரத்துல ஊத்தினப்ப பாதி தரையில சிந்துச்சு. அலசினாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அவரும் குடிச்சாரு. சப்புக்கொட்டலை. கை தன்னால பாக்கெட்டுக்குப் போய், கைக்குட்டையைத் தொட்டு, அதை எடுக்காமலே வெளிய வந்துச்சு. அவரை மன்னிச்சிட்டியான்னு என்னைக் கேக்காதீங்க. இன்னும் இல்லை. ஆனா அன்னிக்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு அந்தக் கோயில்லயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும்போது குடைக்குள்ள நடந்துக்கிட்டே யோசிச்சேன். புண்ணு நாறின ஆளுங்களை இயேசு தொட்டாருன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். தொட்டப்ப அவருக்கு நாறலைன்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் மூக்கு உள்ள மனுஷனா வந்தவருதானே. நாறியிருக்கும், குமட்டியிருக்கும், தொட்டிருக்காரு. குமட்டலை எடுத்துடுங்கன்னு நான் கேட்டதே தப்பான கேள்வி போல. குமட்டலோடயே செய்யத்தான் என்னை வச்சிருக்காரு. இத்தனை வருஷம் மேசையில நிக்க வச்சுப் பழக்கினது இதுக்குத்தான்னா, சரி, இதுக்கே இருந்துட்டுப் போறேன். எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் நெஞ்சு லேசா இருந்துச்சு. வயிறு மட்டும் புரட்டிக்கிட்டேதான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் இவரு அலமாரி மேலிருந்து பையை இறக்கினாரு. துண்டுங்க, லுங்கி, சீப்பு. நகப்பூச்சுப் பொட்டு வச்ச டம்ளரையும் எடுத்தாரு. நான் அதை வாங்கி வச்சிட்டு, கைக்குக் கிடைச்ச வேற டம்ளரைப் போட்டேன்.

“என்னைக்குப் போகணும்?”னாரு.

“நாளைக்கே.”

“சரி.”

நாக்கை எடுத்துட்டாங்க. பொழைச்சுட்டாரு. மூக்குல ஒரு குழாய், கழுத்துல மூச்சுக்கு ஒரு துளை. அந்தத் துளையில சளி கட்டிக்கிட்டே இருக்கும், மிஷின் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கணும். எனக்கும் கத்துக்குடுங்கன்னு நர்ஸ்கிட்டக் கேட்டேன். வீட்டுல நான்தானே செய்யணும். நர்ஸ் பக்கத்துல நிக்க, முதல் தடவை நானே குழாயை விட்டேன். கர்ர்ருன்னு ஒரு சத்தம். பச்சையும் சிவப்பும் கலந்து கண்ணாடிக் குடுவையில கொழகொழன்னு இறங்குச்சு. பழைய வாய் நாத்தமே தேவலைன்னு ஆயிடுச்சு. வயிறு எகிறுச்சு. முகத்தைத் திருப்பப் போனேன்.

இவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சொல்றதுக்குக் குரலும் இல்லை, நாக்கும் இல்லை.

போர்வைக்குள்ள அவரு இடது கால் அசைஞ்சுச்சு. மெத்தையை ஒரு அமுக்கு அமுக்கி, மெதுவா, ரொம்ப மெதுவா மேல வந்துச்சு.

நான் முகத்தைத் திருப்பலை. பிடிச்ச குழாயை மெதுவா வெளிய எடுத்தேன்.